பெயருக்குப் பின்னால்

இணையப் பக்கத்தில் பெட்டி மஞ்சளாகத்தான் இருக்கிறது.
பிடிஎஃப்பில் இல்லை.
அதுவும் எல்லாப் பெட்டியும் அல்ல,
நாற்பத்து மூன்றில் பதினொன்று மட்டும்
கோடு போய், நிறம் போய்,
சாதாரண வாக்கியங்களோடு கலந்துவிட்டன,
சீருடை கழற்றிய காவலர்கள்
டீக்கடைக் கூட்டத்தில் நிற்பதுபோல.

பெருங்குடி, ஏழாவது மாடி, இரவு ஒன்பதரை.
மருந்தேற்றும் பம்ப் ஒன்றின் தமிழ்க் கையேடு,
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
காலையில் அச்சுக்குப் போகவேண்டும்.

ஸ்டைல்ஷீட்டைப் பாருங்க என்றார் இமானுவேல்ராஜ்.
பார்த்தாயிற்று.
கேஷ்?
அழித்தாயிற்று.
அப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்று
பறக்கும் ரயிலைப் பிடிக்கப் பறந்தார்.

மஞ்சளை இன்னும் மஞ்சளாக்கினேன்.
சரியாக இருந்தவை இன்னும் சரியாயின.
மற்றவை அசையவில்லை.
கோட்டைத் தடிப்பாக்கினேன், விளிம்பை நகர்த்தினேன்,
பயன்படாத விதிகளை ஒவ்வொன்றாய் ஊமையாக்கினேன்.
பன்னிரண்டாம் பக்கத்தில் தலைப்பு சாய்ந்துகொண்டது.
அதை நிமிர்த்தவே அரைமணி நேரம்.

பிறகு வெட்ட ஆரம்பித்தேன்.
பாதி கையேடு. கோளாறு இருந்தது.
அதில் பாதி. இருந்தது.
அதிலும் பாதி.
கடைசியில் 87ஆம் பக்கம் மட்டும் மிஞ்சியது,
அதில் ஒரே ஒரு வரி:
குழாயில் காற்றுக்குமிழி தெரிந்தால் பம்பை இயக்காதீர்கள்.

'அட்டைப்பெட்டியிலிருந்து பம்பை வெளியே எடுக்கவும்'
என்பதன் அதே கருப்பு, அதே அளவு.
எங்கோ ஒரு வார்டில்
இரவு மூன்று மணிக்கு இதைப் புரட்டப்போகும் செவிலி
சொற்களைத் தேடமாட்டார்.
மஞ்சளைத் தேடுவார்.

பாணிகளின் பட்டியலைத் திறந்தேன்.
எச்சரிக்கை
எச்சரிக்கை
என்று இரண்டு முறை இருந்தது.
எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், ஒன்றுதான்.
ஒரே பெயரில் இரண்டு பேர் எப்படி?

கர்சரை முதல் பெயரின் கடைசியில் வைத்தேன்.
'கை'யை ஒட்டி நின்று துடித்தது.
இரண்டாவதில்
ஒரு மயிரிழை தள்ளி நின்று துடித்தது.

காலியிடம்.
பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லாத ஒன்று.
பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாமல் விழுங்கிவிடும்.
பிடிஎஃப் எஞ்சின் ரேஷன் கடைக்காரர் மாதிரி,
அட்டையில் உள்ள பெயர் இது இல்லை,
அடுத்த ஆள் வாங்க என்றுவிடும்.

எந்தப் புண்ணியவான் என்று பதிவேட்டில் தேடினேன்.
டிசம்பர் நான்கு, மாலை 4.52.
பதினொரு இடங்கள்.
என் பெயர்.

அன்றைக்குப் புயல்.
என் கார், ஊர்க் கார்களோடு
வேளச்சேரி மேம்பாலத்தில் ஏறி நின்றிருந்தது.
மின்சாரம் இல்லை. லேப்டாப்பில் ஒன்பது சதவீதம்.
தண்ணீர் இரண்டாவது படியை முடித்து
மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தது.
கீழ்வீட்டு ஷம்ஷாத் அக்கா கிரைண்டரைத் தூக்கச்
சத்தம்போட்டுக் கூப்பிட்டது நினைவிருக்கிறது,
இதோ வர்றேன் என்று அவசரமாய் ஒட்டி ஒட்டிச் சேமித்தது,
கிரைண்டரின் கனம்,
எல்லாம் நினைவிருக்கிறது.
பெருவிரல் மட்டும் நினைவில் இல்லை.

அழித்தேன்.
பதினொரு தடவை, ஒன்றுமில்லாததை.
பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது.
மறுபடி ஓட்டினேன், நாலரை நிமிடம்.
87ஆம் பக்கம் மஞ்சளாக வந்தது.

'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில்
'தண்ணீர்' என்று அடித்து,
அழித்து,
'பெயர் திருத்தம்' என்று எழுதினேன்.
அதன் பின்னால் காலியிடம் உண்டா என்று
இரண்டு முறை பார்த்தேன்.

பதினொன்றே முக்கால்.
141ஆம் பக்கத்தில் ஒரு அட்டவணை
வலது விளிம்பைத் தாண்டி
இன்னும் ஒரு விரற்கடை வெளியே நிற்கிறது.
அது என் வேலை இல்லை என்று நினைக்கிறேன்.
பதிவேட்டைத் திறக்கவில்லை.